வாசகர் கேள்வி – பதில்: குடும்பமாக வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படுவோர்

மிஷனெரிகளாக வெளிநாடு செல்லும் குடும்பங்களைப் பற்றிய கடிதங்கள் மிகுதியாகச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் இப்பகுதியை அவற்றுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியும், குடும்பங்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியும் வெளியிடுகிறோம்.

கேள்வி: என் அண்ணன் தம் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் மிஷனெரியாக வெளிநாடு சென்று ஓராண்டு ஆகிறது. அவர் அனுப்பும் ஜெபக் கடிதங்களில் மொழி வகுப்பைப் பற்றியே எழுதுகிறார். "ஓராண்டாக இவர் அங்கே என்னதான் ஊழியம் செய்கிறார்?" என்று சபைக் கமிட்டியில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: மொழி வகுப்புக்குப் போவதே இப்போது அவர் செய்யும் ஊழியம் என்று தயங்காமல் சொல்லுங்கள். கமிட்டியினர் மிஷனெரி வரலாற்றை மேடையில் கேட்டவர்களாகத்தான் இருப்பார்கள். மேடையில் ஆண்டுக்கணக்கை யாரும் சொல்வதில்லை. வில்லியம் கேரி 1793 நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார்; வங்காளியரில் முதலாவதாகக் கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பர் இறுதியில். ராபர்ட் மாரிசன் 1807இல் சீனா சென்றார். அவருடைய முதல் ஞானஸ்நானம் 1814இல். அதோனிராம் ஜட்சன் 1813 ஜூலையில் ரங்கூனில் இறங்கினார். பர்மியரில் முதல்வருக்கு 1819இல் ஞானஸ்நானம் கொடுத்தார். மூவருமே ஆறேழு ஆண்டுகள் காத்திருந்தவர்கள். ஓராண்டின் முடிவில் ஆத்துமாக்களின் கணக்கைக் கேட்டு அவர்களுடைய ஆதரவை நிறுத்தியிருந்தால், வங்காள வேதாகமமும் பர்மிய வேதாகமமும் அவர்கள் கையால் வந்திருக்காது. ஜட்சனே ரங்கூனிலிருந்து எழுதிய கடிதமொன்றில், சபைகள் பொறுமையாக இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். ஆகவே உங்கள் கமிட்டியின் கேள்வி புதியதன்று.

மொழி கற்க எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு ஓர் அளவுகோலும் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தன் அலுவலர்கள் சீனம், ஜப்பானியம், கொரியம், அரபு ஆகிய மொழிகளில் பணிக்குப் போதுமான தேர்ச்சி பெற ஏறத்தாழ 2,200 வகுப்பு நேரம் தேவை என்று கணக்கிட்டிருக்கிறது. அந்த அலுவலர்களுக்குச் சம்பளமும் உண்டு, தேர்ந்த ஆசிரியர்களும் உண்டு, படிப்பதைத் தவிர வேறு வேலையும் கிடையாது. வாடகை வீடு தேடிக்கொண்டும், குடியேற்ற அலுவலகத்தில் வரிசையில் நின்றுகொண்டும், காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் படிக்கிற மனிதர் அதைவிட விரைவாக முடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

எப்படிக் கற்கிறார் என்பதை மட்டும் கேளுங்கள்; அது கேட்கத் தகுந்த கேள்வி. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, வயதான பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தும்படி ஏற்பாடு செய்துகொண்டு, சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அரிச்சுவடி எழுதிப் பழகினார். பல்கலைக்கழகம் சென்றுவந்த மனிதர் சிறுவர்கள் நடுவில் சிறுவராக உட்காரக் கூசவில்லை. உங்கள் அண்ணனும் தவறாகப் பேசிச் சிரிப்புக்கிடமாகும் துணிவோடு தெருவில் இறங்குகிறாரா, அல்லது ஆங்கிலம் தெரிந்தவர்களையே தேடிப் பிடித்துப் பழகுகிறாரா என்பதில்தான் அடுத்த பத்தாண்டும் அடங்கியிருக்கிறது. அவருக்கும் ஒரு யோசனை: "மொழி வகுப்பு நன்றாக நடக்கிறது" என்று எழுதுவதைவிட, "இந்த மாதம் வீட்டு உரிமையாளரோடு வாடகை ஒப்பந்தத்தை மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசி முடித்தேன்" என்று எழுதினால், கமிட்டியில் உள்ள வியாபாரிகளுக்குக்கூட அதன் அருமை விளங்கிவிடும்.

கேள்வி: நானும் என் கணவரும் சேர்ந்தே அழைப்பைப் பெற்றோம், சேர்ந்தே வந்தோம். வந்த பிறகு அவருக்கு மொழி ஆசிரியரும், உடன் ஊழியர்களும், கூட்டங்களும் இருக்கிறார்கள். எனக்குக் கைக்குழந்தையும் நான்கு சுவர்களும்தான். சில நாள்களில் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்களோ என்று அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, முதலாவதாக, இது விசுவாசக் குறைவன்று. பிரசவத்துக்குப் பின் சில தாய்மார்களுக்கு வரும் மனச்சோர்வு மருத்துவர்கள் நன்கறிந்த ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. காரணமின்றி வரும் அழுகை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அடுத்த ஜெபக் கூட்டம் வரை காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். உங்களையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் ஒருமுறை வந்தாலும், அன்றே பாருங்கள். இந்த இரண்டு வரிகளையும் உங்கள் கணவருக்கும் காட்டுங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் உள்ள பெரிய கேள்விக்கு வருகிறேன். கேரியின் மனைவி டோரதியை நம் பிரசங்கங்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அந்த வரிக்குப் பின்னால் இருந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேரி இந்தியாவுக்குப் புறப்பட முடிவு செய்தபோது டோரதி கருவுற்றிருந்தார். உடன் வர மறுத்தார். மூத்த மகன் பெலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி கப்பலேறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாததால் அந்தக் கப்பலிலிருந்து இறக்கப்பட்டார். அந்தத் தாமதத்துக்குள் குழந்தை பிறந்துவிட்டது. தன் தங்கை கிட்டியும் உடன் வந்தால்தான் வருவேன் என்ற நிபந்தனையின்மேல், கைக்குழந்தையோடு டோரதி 1793 ஜூனில் புறப்பட்டார். வந்த சில மாதங்களுக்குள் வீடு மாறி, மீண்டும் வீடு மாறி, சுந்தரவனக் காட்டுப் பகுதி வரை சென்றார்கள். அங்கே தங்கை கம்பெனி அலுவலர் ஒருவரை மணந்து, டோரதியை விட்டுப் போனார். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதன் பிறகு டோரதியின் மனம் உடைந்தது. 1807இல் இறக்கும் வரை அது தேறவில்லை.

கேரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் மனைவியைக் காப்பகத்துக்கு அனுப்பாமல் கடைசி வரை வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஊழியம் ஒருவருடையதாகவும் அதன் விலை மற்றவருடையதாகவும் இருந்தது என்றே நான் கருதுகிறேன். தங்கை உடனிருக்க வேண்டும் என்று டோரதி கேட்டது பிடிவாதமன்று. தமக்கு எது தேவை என்பதை அவர் தெளிவாக அறிந்து கேட்டார். அந்தத் துணை போன பிறகு அதற்கு ஈடாக எதுவும் ஏற்பாடாகவில்லை.

இதன் அருகில் அதோனிராம் ஜட்சனின் மனைவி ஆன் ஜட்சனை வைத்துப் பாருங்கள். அவரும் துன்பமின்றி வாழ்ந்தவரல்லர். மகன் ரோஜர் எட்டு மாதக் குழந்தையாக ரங்கூனில் இறந்தான். ஆயினும் அவரும் கணவரும் தொடக்கத்திலிருந்தே மொழியைச் சேர்ந்து கற்றார்கள். கணவர் நாள் முழுவதும் ஆசிரியரோடு அமர்ந்து இலக்கணத்தை ஆராய்ந்தார். வேலையாட்களோடும் கடைக்காரர்களோடும் பேசி வீட்டை நடத்தும் பொறுப்பு ஆன் கையில் இருந்தது. விளைவு, பேச்சு மொழியில் அவர் கணவரை முந்திவிட்டார்; இதை அவரே தம் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். பின்னர் தானியேல், யோனா ஆகிய புத்தகங்களைப் பர்மிய மொழியில் பெயர்த்தார். பர்மாவில் போர் மூண்டு 1824இல் ஜட்சன் சிறைப்பட்டபோது, அதிகாரிகளின் வாசலில் நின்று அவர்களுடைய மொழியிலேயே வாதாடி அவரை உயிரோடு காத்தது அந்தப் பேச்சுத் திறமைதான்.

எனவே நீங்கள் கேட்க வேண்டியது ஆறுதலை அன்று, நேரத்தை. உங்கள் கணவர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் குழந்தையைத் தாமே பார்த்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் உங்களுக்கென்று ஒரு பெண் ஆசிரியர் வரட்டும். அவருக்குரிய ஊதியம் குடும்பச் செலவிலிருந்து மிச்சம் பிடிக்க வேண்டிய பணமாக இல்லாமல், ஊழியச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக இருக்க வேண்டும். உங்களை அனுப்பிய ஸ்தாபனம் கணவருக்கு மட்டும் மொழி கற்பதற்கான படித்தொகை கொடுக்கிறது என்றால், இருவருக்கும் கொடுக்கும்படி எழுதிக் கேளுங்கள். பல ஸ்தாபனங்கள் கேட்டால் கொடுக்கின்றன. கைக்குழந்தை உங்களுக்குத் தடை என்று எண்ணாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கும் பெண்ணிடம் அறியாதவர்களும் நின்று பேசுவார்கள்; பையோடு நடக்கும் ஆண் மிஷனெரிக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. அம்மாவிடமும் சொல்லுங்கள். கவலைப்படுவார், ஆயினும் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களுக்குப் பத்து வயதில் மகளும் ஆறு வயதில் மகனும் இருக்கிறார்கள். அவர்களை உள்ளூர்ப் பள்ளியில் சேர்ப்பதா, சர்வதேசப் பள்ளியில் சேர்ப்பதா, வீட்டிலேயே கற்பிப்பதா, அல்லது தாய்நாட்டில் விடுதியில் விட்டுச் செல்வதா?

பதில்: எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை; உங்கள் இரண்டு பிள்ளைகளுக்குமே ஒரே விடை பொருந்தாமல் போகலாம். ஆறு வயது மகன் உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்தால் ஓராண்டில் அந்த மொழியில் சண்டை போடவே கற்றுக்கொள்வான். பத்து வயது மகளுக்கு அது கடினம். தன் வகுப்பில் முதலிடம் பெற்றுவந்த பிள்ளை, ஒன்றும் புரியாமல் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருப்பதை அவமானமாக உணரும். அவளுக்கு முதல் ஆண்டு பாதி நேரம் வீட்டுக் கல்வி, பாதி நேரம் மொழி என்று அமைத்து, பின்னர் பள்ளியில் சேர்ப்பது நல்லது. வீட்டுக் கல்வியைச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி போன்ற சில நாடுகளில் அதற்கு இடமில்லை.

விடுதியைப் பொறுத்தவரை, என் கருத்து பழைய தலைமுறைக்கு உவப்பாக இராது. ஹட்சன் டெய்லரின் சீன உள்நாட்டு மிஷன் 1881இல் சீனக் கடற்கரை நகரான சீபூவில் தன் மிஷனெரிகளின் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கியது. 1901இல் கொடைக்கானலில் அமெரிக்க மிஷனெரிகள் தொடங்கிய பள்ளியும் அத்தகையதே. கடல் கடந்து தாய்நாட்டுக்கே அனுப்பிவிட்டுப் பல ஆண்டுகள் முகம் பாராமல் இருப்பதைவிட அது நல்லதென்றே பெற்றோர் எண்ணினார்கள். அக்காலப் பயண வசதியை நினைத்தால் அவர்களைக் குறை கூற முடியாது. ஆனால் அதற்கும் விலை இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை சீபூ பள்ளியைக் கைப்பற்றியது; பிள்ளைகளும் ஆசிரியர்களும் 1945 ஆகஸ்டு வரை வேய்சியன் முகாமில் அடைபட்டிருந்தார்கள், அவர்களில் பலர் பெற்றோரை ஆண்டுக்கணக்கில் காணாமல். இன்று அந்தக் கட்டாயம் பெரும்பாலான நாடுகளில் இல்லை. மேல்நிலை வகுப்புக்காகப் பிள்ளையே விரும்பிப் போவது வேறு. ஆறு வயதிலும் பத்து வயதிலும் பிள்ளைகள் உங்களோடு இருக்கட்டும். அப்படி உடன் இருந்தால் மட்டும் போதும் என்றும் எண்ண வேண்டா. கேரியின் மகன்கள் தந்தையோடு ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தந்தை மொழிபெயர்ப்பில் மூழ்கியிருக்க, தாய் நோயுற்றிருக்க, கண்டிப்பார் இன்றி வளர்ந்த அவர்களை, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள செராம்பூருக்கு வந்த சக மிஷனெரிகளான ஹன்னா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும்தான் பொறுப்பெடுத்துக் கவனித்தார்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் உங்களைவிட விரைவில் மொழியைக் கற்றுக்கொள்வார்கள். அப்போது அவர்களை மொழிபெயர்ப்பாளர்களாக்கத் தோன்றும். கடையில் கேட்கலாம், மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் வீட்டு உரிமையாளரோடு நடக்கும் வாக்குவாதத்திலும் பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள். பெரியவர்களின் அச்சத்தையும் அவமானத்தையும் வாய்விட்டுச் சொல்லும் சுமை அவர்களுக்கு வேண்டா. மற்றொன்று, விடுப்பில் தாய்ச்சபைக்கு வரும்போது நிகழ்வது. ஆராதனை முடிந்ததும் பிள்ளையை மேடைக்கு அழைத்து, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, "அந்த ஊர்ப் பாஷையில் ஒரு பாட்டுப் பாடு பார்க்கலாம்" என்பார்கள். பிள்ளை தன் சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நிற்கும், சபையார் கைதட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்கு அந்த மொழி வேடிக்கைப் பொருளன்று. தன் நண்பர்களோடு பேசும் மொழி. மகளிடம் முன்கூட்டியே கேளுங்கள்; வேண்டாம் என்று அவள் சொன்னால், போதகரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அந்நாட்டு மக்களைப் போலவே உடுத்து, அவர்களைப் போலவே வாழ்ந்தால்தான் ஊழியம் பலன் தருமா?

பதில்: ஹட்சன் டெய்லர் 1855இல் சீன உடையணிந்து, முன்தலையை மழித்துச் சடையும் வைத்துக்கொண்டபோது, சக ஐரோப்பியரே அவரை ஏளனம் செய்தார்கள். உள்நாட்டில் தடையின்றி நடமாட அது அவருக்கு உதவியது. இன்று பெருநகரங்களில் உலகமே ஒரே உடையை உடுத்துகிறது. ஆகவே உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் பெரிது. சொந்த நாட்டினர் நிறைந்த குடியிருப்பில் வீடு எடுத்தால், ஓய்வு நேரமெல்லாம் அவர்களோடே கழியும். பத்தாண்டுக்குப் பின்னும் அண்டை வீட்டாரின் துக்க வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாது. அதே நேரத்தில், தாய்மொழியில் மனம்விட்டுப் பேச ஒரு குடும்பமாவது எட்டும் தூரத்தில் இருக்கட்டும். உள்ளூர் மக்களைவிட எளிமையாக வாழ்ந்து காட்ட முயல்வதும் தேவையற்றது. பாசாங்கை அண்டை வீட்டார் விரைவில் கண்டுகொள்வார்கள்.

கேள்வி: சில நாடுகளில் மிஷனெரிகளுக்கு விசா கிடையாது. சுற்றுலா விசாவில் சென்று ஊழியம் செய்வது தவறா? கேரியே அனுமதியில்லாமல்தானே வந்தார்? பவுலும் கூடாரம் பண்ணித்தானே பிழைத்தார்?

பதில்: சுற்றுலா விசாவில் குடும்பத்தோடு குடியேறுவது தவறு, அதைவிட முக்கியமாக, அது உங்கள் பிள்ளைகளுக்கும் உங்களை நம்பி வரும் உள்ளூர் விசுவாசிகளுக்கும் ஆபத்து. நீங்கள் பிடிபட்டால் நாடு கடத்தப்படுவீர்கள். விசாரணைக்கு உள்ளூர் மக்கள்தான் அழைக்கப்படுவார்கள்.

கேரி கம்பெனியின் அனுமதியின்றி வந்தது உண்மை. ஆனால் 1794 முதல் வங்காளத்தின் முத்னாபாட்டியில் அவுரித் தொழிற்சாலையை உள்ளபடியே நிர்வகித்தார். பின்னர் 1800 தொடக்கத்தில், டேனிஷ் அரசின் ஆட்சியிலிருந்த செராம்பூருக்கு அந்த அரசின் பாதுகாப்பில் சென்றார். மிஷனெரிகள் கம்பெனி ஆட்சிப் பகுதிக்கு வர வழி திறந்தது 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தால்தான். மாரிசனோ 1809இல் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் பணியை ஏற்று, அந்தத் தகுதியில்தான் சீனத் துறைமுகமான கான்டனில் தங்கினார். அந்தப் பணியை அவர் பெயரளவில் செய்யவில்லை. சீன அகராதியே தொகுத்தார். பவுலைப் பற்றிக் கேட்கிறீர்கள்: அப்போஸ்தலர் 18:3 அவர் வேலை செய்துவந்தார் என்கிறது, வேலை செய்வதுபோல் காட்டிக்கொண்டார் என்று சொல்லவில்லை. ஆசிரியராகவோ பொறியாளராகவோ செவிலியராகவோ வேலை விசாவில் செல்கிறவர் அந்த வேலையை முழு மனத்தோடு செய்ய வேண்டும். அந்நாட்டுச் சட்டத்தையும் படித்துக்கொண்டு செல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, நேபாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியல் சாசனம் பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. சட்டத்தை அறிந்து, அதன் விளைவை ஏற்கத் துணிந்து செல்வது ஒன்று; அறியாமல் குடும்பத்தை இழுத்துச் சென்று மாட்டிக்கொள்வது மற்றொன்று.

கேள்வி: எங்கள் சபை அனுப்பிய குடும்பம் எட்டு மாதத்திலேயே திரும்பிவர விரும்புகிறது. நாங்கள் தடுப்பதா, அழைத்துக்கொள்வதா? சபையில் சிலர், "கலப்பையின்மேல் கை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறார்கள்" என்கிறார்கள்.

பதில்: அந்த வசனத்தை இப்போது அவர்கள்மேல் எறியாதீர்கள். வேற்று நாட்டில் குடியேறுவோர் படும் மனக்குழப்பத்தை மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1954இல் விளக்கினார். கலாச்சார அதிர்ச்சி என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். முதலில் எல்லாம் புதுமையாகத் தோன்றும். பிறகு எரிச்சலும் ஏக்கமும் மேலோங்கும். அதன் பின்னரே மெல்லத் தேறுதல் வரும். எட்டாவது மாதம் பெரும்பாலும் அந்த எரிச்சல் காலத்துக்குள் விழுகிறது. அந்த மனநிலையில் எடுக்கும் முடிவை உடனே நிறைவேற்றாமல் சில மாதம் தள்ளிவைக்கச் சொல்லலாம். அதுவரை சபையிலிருந்து இருவர், முடிந்தால் ஒரு தம்பதியர், நேரில் சென்று பார்க்கட்டும். பிரசங்கம் செய்யவும் புகைப்படம் எடுக்கவும் வேண்டா. ஒரு வாரம் அவர்கள் வீட்டில் தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, கணவன் மனைவி இருவரும் தனியே வெளியே சென்றுவர விடட்டும். அந்த ஒரு வாரத்தில் உண்மை நிலை தெரிந்துவிடும். ஆனால் உடல்நலம் கெட்டிருந்தாலோ, இருவரில் ஒருவர் மனம் உடையும் நிலையில் இருந்தாலோ, பிள்ளை உண்ணாமல் உறங்காமல் மெலிந்து வந்தாலோ, தள்ளிவைக்கும் பேச்சே வேண்டா. பயணச் சீட்டை அனுப்புங்கள்.

திரும்பி வந்தால், அடுத்த ஞாயிறே அவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். தங்குவதற்கு வீடும், கல்வியாண்டின் நடுவில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியும் அவர்களுக்கு முதலில் தேவைப்படும். ஆறு மாதங்களுக்கு ஆதரவுத் தொகையைக் குறைக்காமல் அனுப்புவதென்று கமிட்டியில் இப்போதே தீர்மானம் எழுதி, அதன் நகலை அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். திரும்பினால் நடுத்தெருவில் நிற்போம் என்ற அச்சம் நீங்கிய பிறகு, தங்குவதா திரும்புவதா என்பதை அவர்களால் நிதானமாக யோசிக்க முடியும்.